பக்கத்து சைக்கிள்

நகராத சைக்கிளுக்கு எதுக்கு தம்பி தனி ஷூ? நானும் வந்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கேன், ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க. அடியில இரும்புல ஒரு கொக்கி வேற... அது பெடல்ல போயி 'டக்'குன்னு மாட்டிக்குமாம், மாட்டிக்கிட்டா கால் நழுவாதாம். அட, நழுவினாத்தான் என்ன, எங்க விழப் போறோம்? கீழ ரப்பர் விரிப்பு, கைக்கெட்டற தூரத்துல தண்ணி பாட்டில், தலைக்கு மேல ஃபேன். ரோட்டுல இத்தனை வருஷமா சாதா செருப்பைப் போட்டுக்கிட்டு ஓட்டியிருக்கேன், எனக்கு வந்து ஷூ மாட்டி விடறாங்க.

அந்தப் பட்டையை அப்படி இழுத்தா வராது தம்பி. அழுத்திட்டு இழுங்க. ஆங்... அதேதான். உங்களுக்கும் இன்னிக்குத்தான் மொத நாளா? பாத்தாலே தெரியுதே. பாட்டில் புதுசு, துண்டு புதுசு, மூஞ்சியில இருக்கிற பயமும் புதுசு. உக்காருங்க, உக்காருங்க. இன்னும் ஆரம்பிக்கல. அந்த டீச்சரம்மா இப்பத்தான் மைக்கைக் காதுல மாட்டிக்கிட்டிருக்கு.

எனக்கு இந்த எடம் புதுசில்ல. சைக்கிள்ல உக்காரப் போறதுதான் புதுசு. எங்க வீட்டம்மா இந்த ஜிம்முல சேர்ந்ததுலேர்ந்து அவளைக் கூட்டிட்டுப் போக வந்து, இதே பெஞ்சுல உக்காந்து, இந்தக் கண்ணாடி வழியா இவங்க கூத்தைப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணே பூத்துப் போச்சு. நீங்களே பாருங்களேன். அதுல ஒண்ணுக்காவது பின்சக்கரம் இருக்கா? முன்னாடி ஒரே ஒரு இரும்புத் தட்டு, அதுவும் தரையத் தொடாது. அதுக்குப் பேரு சைக்கிளு!

ஆரம்பிச்சதும் லைட்டை அணைச்சிருவாங்க. ஏன்னு கேக்காதீங்க. நீலமும் செவப்புமா ஒரு வெளிச்சம் சுத்தும், பாட்டு காதைக் கிழிக்கும். அந்தம்மா, 'மேடு வருது, மேடு வருது, எழுந்து நின்னு மிதிங்க'ன்னு கத்தும். எங்க வருது மேடு? எதிர்ல இருக்கிறது சுவரு. சுவத்துல ஒரு கண்ணாடி, அதுல நம்ம மூஞ்சி. இத்தனை பேரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுந்து நின்னு வராத மேட்டுல ஏறுவாங்க. அப்புறம், 'எறக்கம், காத்து மூஞ்சியில அடிக்குது, அனுபவிங்க'ன்னு சொல்லும். காத்து எங்கேர்ந்து அடிக்கும்? கவுன்ட்டர்ல இருக்கிற பொண்ணு போயி ஃபேன் சுவிட்சைக் கூட்டி வைக்கும். நான் பாத்திருக்கேனே! ஒரு நாள் கண்ண மூடிக்கிட்டு காட்டு வழியில போறதா நெனச்சுக்கச் சொல்லிச்சு. ரோட்டுல கண்ண மூடிப் பாரு, அடுத்து கண்ணத் தொறக்கறது ஆஸ்பத்திரியிலதான்.

அதைவிடக் கேலி அந்தத் திருகு. ஹேண்டில்பாருக்குக் கீழ செவப்பா ஒரு திருகு இருக்கும், உங்க சைக்கிள்லயும் இருக்கும். அதைத் திருகினா பெடல் கனக்கும். அதுதான் மேடு. அந்தம்மா கூட்டுன்னா கூட்டணும். நீங்க கூட்டினீங்களா இல்லையான்னு யாரு கண்டா? கையை வச்சு ஒரு பாவ்லா காட்டிட்டு ஜாலியா மிதிச்சுக்கிட்டு இருக்கலாம். கடைசி வரிசையில தாடி வச்ச ஒருத்தர் இருக்காரு, அவர் அப்படித்தான். ரோட்டுல பாவ்லா காட்ட முடியுமா? மேடுன்னா மேடுதான். மிதிக்கலைன்னா பின்னாடி உருண்டு வந்து, பின்னாடி வர்ற பஸ்ஸுக்காரன்கிட்ட உங்க அப்பா அம்மா வரைக்கும் ஏச்சு வாங்குவீங்க.

இரும்மா, வர்றோம்! ஷூ மாட்டிக்கிட்டிருக்கோம்ல... கவுன்ட்டர் பொண்ணு சொல்றதைப் பாத்தீங்களா, பாட்டு ஆரம்பிச்சதும் கதவைச் சாத்திருவாங்களாம், அதுக்கப்புறம் யாரையும் உள்ள விட மாட்டாங்களாம். இருட்டுல யாராவது தடுக்கி விழுந்துருவாங்களாம். சினிமா தியேட்டர்லகூட பாதியில விடறான். நீங்க அவசரப்படாதீங்க. இன்னும் பாதிப்பேர் சீட்டு ஒசரத்தையே சரி பண்ணி முடிக்கல.

எங்க ஞாயித்துக்கெழமைக் கும்பலைப் பாக்கணும் நீங்க. நான், ஒரு பல் டாக்டர், பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவரு ஒருத்தரு, அப்புறம் 'ஹார்ன்'. ஹார்ன்னா அவர் பேரு இல்ல, நாங்க வச்சது. நாயைப் பாத்தாலும் கத்துவாரு, லாரியைப் பாத்தாலும் கத்துவாரு, ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லைன்னாலும் எதுக்கும் இருக்கட்டும்னு கத்துவாரு. விடியக்காலையில கெளம்பினா ஊரைத் தாண்டி, அந்தப் பெரிய பாலத்துல ஏறி எறங்கி, அந்தப் பக்கம் ஒரு டீக்கடை வரைக்கும் போவோம். அது சைக்கிள். குழி, மணலு, எதிர்க்காத்து, குறுக்க வர்ற ஆளு எல்லாத்துக்கும் உடம்பு பதில் சொல்லணும். மூளையும் சேர்ந்து மிதிக்கும். இங்க மூளைக்கு என்ன வேலை? கழட்டிச் செருப்போட சேத்து வெளிய விட்டுட்டுப் போலாம்.

எங்க வீட்டம்மா என்ன சொல்லுவா தெரியுமா? 'நீங்க சைக்கிள் ஓட்டப் போறீங்களா, டீ குடிக்கப் போறீங்களா'ம்பா. ஓட்டற நேரத்தவிட உக்கார்ற நேரம் அதிகமாம். ஹார்ன் பேச ஆரம்பிச்சா எந்திரிக்க முடியுமா? மனுஷன் கதை அளக்கறதுக்குன்னே பொறந்தவரு. நான் அதிகம் பேச மாட்டேன், கேட்டுக்கிட்டிருப்பேன். டீயும் பன்னும் உள்ள போறதே தெரியாது. அதுக்கு என்ன பண்றது?

டாக்டரும் அவ பக்கம். பல் டாக்டர் இல்ல தம்பி, உடம்பு பாக்கிற டாக்டரு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். அவ பிரஷரைப் பாத்துட்டு ஒரே பாராட்டு. 'என்னம்மா பண்றீங்க, சர்க்கரையும் கொறஞ்சிருக்கு, நடையே மாறிப் போச்சே' அப்படின்னாரு. என் பக்கம் திரும்பினவரு தொப்பையத்தான் பாத்தாரு, மூஞ்சியப் பாக்கல. நான் விடுவேனா? அது சைக்கிளே இல்ல டாக்டர், நகராதுன்னேன். சக்கரம் நகருதா நகரலையான்னு இதயம் எட்டிப் பாக்காதுன்னுட்டாரு. ரோட்டுல சிக்னல்ல நிக்கிறீங்க, எறக்கத்துல சும்மா உக்காந்துக்கிட்டு வர்றீங்க, டீக்கடையில எறங்கிடறீங்க, அங்க அவங்க விடாம மிதிக்கிறாங்கன்னு ஒரே பாடம். சரி, எறக்கத்துல மிதிக்காம வர்றது தப்பா? மேட்டுல ஏறினவனுக்கு அது கூலி இல்லையா? அப்புறம் போனாப் போகுதுன்னு, ரோட்டுல ஓட்டினா இடுப்புக்கும் முதுகுக்கும் நல்லது, நிதானம் வரும், வெயில் படும், ரெண்டும் ரெண்டு விதம்னு ஒரு வார்த்தை சொன்னாரு. அதை இவ காதுல வாங்கவே இல்ல. 'இவரு மணிக்கட்டு ஒடிஞ்சதைச் சொல்லுங்க டாக்டர்'ன்னா. ஒரு தடவை குழியில விட்டேன், கையில கட்டு போட்டாங்க. அதையே எத்தனை நாளைக்குச் சொல்லிக் காட்டுவா? விழாதவன் சைக்கிளே ஓட்டல.

நான் என்ன வேலை பாக்கிறேன்னு கேக்கலையே நீங்க. லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊர்ல ஒசரமா எந்தக் கட்டடத்தைப் பாத்தாலும் அதுக்குள்ள எங்க கம்பெனி லிஃப்ட்டுல ஏதாவது ஒண்ணுல என் கை பட்டிருக்கும். கயிறு மாத்தறது, கதவு சிக்கினா எடுக்கறது, நடுவுல மாட்டிக்கிட்டவங்களைச் சமாதானம் பண்றது... அவங்க பாட்டுக்கு பட்டனை அமுக்கிக்கிட்டே இருப்பாங்க, அமுக்காதீங்கன்னாலும் அமுக்குவாங்க. இந்த மாசக் கடைசியோட ரிட்டயர்மென்ட். இதை எதுக்குச் சொல்ல வந்தேன்... ஆங். ஒரு நாள் சாப்பிட உக்காந்தப்போ, நகராத சைக்கிள்ல போயி எவனாவது நேரத்தை வீணாக்குவானான்னு கேட்டேன். நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டா பாருங்க. 'ஆயுசு பூரா ஒரே சந்துல மேலயும் கீழயும் போயிட்டு வந்த ஆளு, என் சைக்கிளைச் சொல்ல வந்துட்டீங்களா?' அந்தச் சந்துலதான் வீட்டுக்கடன் அடைச்சேன், பொண்ணைப் படிக்க வச்சேன். அதெல்லாம் அவளுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் சிரிச்சா.

தோ, அதுதான் அவ. ரெண்டாவது வரிசையில தலைமுடியத் தூக்கிக் கட்டிக்கிட்டு, திருகைச் சரி பார்க்கிறா பாருங்க. அவ பக்கத்துல காலியா இருக்குல்ல, துண்டு போட்டு வச்சிருக்காளே, அது எனக்கு. இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும். நானா வரல தம்பி, வருவேனா? என் பேரை அவளே குடுத்து வச்சிட்டா. வந்தே ஆகணும்னு உத்தரவு.

விஷயம் என்னன்னா, ரிட்டயர் ஆன மறுநாள் நாங்க ரெண்டு பேரும் சைக்கிள்லயே எங்க பொண்ணு வீட்டுக்குப் போறதா இருக்கோம். ரெண்டு நாள் பயணம், ஆத்தோரமாவே ரோடு. வழியில ராத்திரி தங்க பொண்ணு ரூம்கூடப் போட்டுட்டா. இப்படி ரெண்டு பேரா ஒரு பயணம் போகணும்னு எங்க வீட்ல பேச ஆரம்பிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. வேலை, புள்ளை, புள்ளையோட படிப்பு, அப்புறம் என் மாமியார் படுக்கையில விழுந்தாங்க... ஒவ்வொண்ணா வந்து நிக்கும், இது தள்ளிப் போகும். நாங்க ரெண்டு பேரா எங்கயும் போனதே இல்லைன்னு வச்சுக்குங்களேன். அவளுக்குன்னு ஒரு நல்ல சைக்கிளா பாத்து வாங்கினேன். என் கூட வேலை பாக்கிற பசங்க பிரிவு உபசாரம்னு போன மாசமே ஒரே மாதிரி ரெண்டு ஹெல்மெட் குடுத்தாங்க. என்னுது போட்டுப் போட்டு அழுக்காயிருச்சு. அவளோடது இன்னும் பிளாஸ்டிக் கவர்லயே தொங்குது.

ஏன்னு கேளுங்க. பழகறதுக்காக ஞாயித்துக்கெழமைல என் கூட வர ஆரம்பிச்சா. நல்லாத்தான் வந்தா. கொஞ்ச நாள்ல முழங்கால் வலின்னா. சரி, ஓய்வெடுன்னேன். ஓய்வெடுக்கிறேன்னவ நேரா வந்து இங்க சேர்ந்துட்டா! இங்க வந்து நின்னுக்கிட்டே மிதிக்கிறா, அப்ப வலிக்காத முழங்கால் என் கூட வந்தா மட்டும் வலிக்குமா? நானும் கேட்டேன். தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டு கிளாஸுக்குக் கெளம்பிட்டா. அதுதான் எனக்குத் தாங்கல. திட்டினாக்கூடப் பரவால்ல.

நேத்து விடல. பயணத்துக்கு வரப் போறியா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னேன். நான் உனக்காக என்னென்ன பண்ணேன்னு எடுத்துச் சொன்னேன். ஒண்ணே ஒண்ணைப் பாருங்க, அந்தப் பாலம். நல்ல மேடு. இவ மெதுவாத்தான் ஏறுவா. நான் பாட்டுக்கு டீக்கடைக்குப் போயிருக்கலாம்ல? போனதில்ல. ஒரு நாள்கூட விட்டுட்டுப் போனதில்ல. உச்சியில சைக்கிளை நிறுத்தி, தண்ணி குடிச்சு, மூஞ்சியத் தொடைச்சு, கீழ ஆத்துல போற படகையெல்லாம் பாத்துக்கிட்டு இவளுக்காகக் காத்துக்கிட்டு நிப்பேன். இவ மூச்சு வாங்க வந்து சேருவா. வந்துட்டியா, வா போலாம்னு உடனே கெளம்பிருவேன். வெயில் ஏறிடும் பாருங்க... நேரத்தை வீணாக்கக் கூடாது.

என்ன தம்பி அப்படிப் பாக்கிறீங்க? அவளும் நேத்து இப்படித்தான் பாத்தா.

பாத்துட்டு என்ன சொன்னா தெரியுமா... சத்தமாக்கூடச் சொல்லல. கையில துணி மடிச்சுக்கிட்டிருந்தா. 'நீங்க எனக்காக நிக்கல. உங்க களைப்புக்கு நின்னீங்க. உங்க மூச்சு அடங்கினப்புறம் நான் வந்து சேருவேன். என் மூச்சு அடங்கறதுக்குள்ள நீங்க கெளம்பிருவீங்க. அந்தப் பாலத்துல நான் ஒரு நாள்கூட நின்னு ஆத்தைப் பாத்ததில்ல.'

அப்பவே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லன்னேன். கூப்பிட்டாளாம். ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டாளாம். என் முதுகுதான் தெரிஞ்சுதாம். அப்புறம் துணியைக் கீழ வச்சுட்டு, 'நாளைக்கு ஒரு நாள் கிளாஸுக்கு வந்து என் பக்கத்து சைக்கிள்ல உக்காருங்க. அங்க நீங்க எனக்கு முன்னாடி போக முடியாது. முழுசா ஒரு கிளாஸ் என் பக்கத்துல இருந்துட்டீங்கன்னா நான் பயணத்துக்கு வர்றேன். இல்லைன்னா நீங்க தனியாப் போங்க, நான் பஸ்ல வந்துக்கறேன்' அப்படின்னுட்டா.

இது என்ன தம்பி நியாயம்? ரோட்டுல ஓட்டறதுக்குப் பரீட்சை இந்த இருட்டு ரூம்லயா வைக்கிறது? அதுவும் எனக்கு! பாலத்துல ஏறினவனுக்கு இந்தத் திருகு ஒரு பொருட்டா? பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. அந்தத் தாடிக்காரர் முன்னாடி மூச்சு வாங்கி நாக்குத் தள்ளிப் போச்சுன்னா எப்படி இருக்கும்னு ஒரு... அவ்ளோதான். இவ இதுல பழகிட்டா பாருங்க. இவ சும்மா மிதிச்சுக்கிட்டே என்னைத் திரும்பிப் பாப்பா.

கெளம்பிட்டீங்களா? இருங்க, சொல்லி முடிச்சிடறேன்... சரி சரி, அந்தப் பொண்ணு கையக் காட்டுது. நீங்க போங்க. போயி சீட்டை இடுப்பு ஒசரத்துக்கு வச்சுக்குங்க, திருகை மொதல்லயே ரொம்பக் கூட்டிராதீங்க. நான் இந்த இன்னொரு ஷூவை மாட்டிக்கிட்டு இதோ வந்துடறேன். இது ஏன் உள்ள போக மாட்டேங்குது... குதிகால்ல இடிக்குது. இவனுங்க ஷூ செய்யறதே சின்னக் காலுக்குத்தான் போல. பஸ்ஸாம், பஸ்ஸு. பஸ்ல போனா ஆத்துல படகு தெரியுமா? நானும் இத்தனை நாளா இவகிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன்...

ஏம்மா, ஏம்மா, சாத்தாதே! ஒரு ஆளு வெளிய இருக்கேன்ல? பாட்டு இப்பத்தானே ஆரம்பிச்சுது. இந்தா, ஒரு ஷூ போட்டுட்டேன், இன்னொண்ணைக் கையிலயே எடுத்துட்டு வேணாலும் வர்றேன். என் சீட்டு உள்ள இருக்கும்மா, ரெண்டாவது வரிசையில, துண்டு போட்டு வச்சிருக்காங்க. என் வீட்டுக்காரிதான்... எல்லாருக்கும் அதே ரூல்னா? நான் எல்லாரும் இல்லம்மா. உங்க கட்டடத்து லிஃப்ட்டே நான் பாக்கறதுதான். போன வாரம் கதவு சிக்கினப்போ யாரைக் கூப்பிட்டீங்க?

இரு... கண்ணாடிக் கதவு வழியா பாக்க விடு. அந்தத் தம்பி ஏன் நின்னுக்கிட்டே இருக்காரு? வேற எடம் இல்லையா? அவகிட்ட எதுக்குக் கேக்கறாரு... அவருக்கு நான் சொன்னேனே, அது எனக்குன்னு. அவ கதவைப் பாக்கறா. இந்தப் பக்கம்தான் பாக்கறா. நான் இங்க இருக்கேன்! கையக் காட்டறேனே, தெரியலையா? உள்ள இருட்டிருச்சு, நீல வெளிச்சம் மட்டும் சுத்துது. இனிமே எதிர்ச் சுவத்துக் கண்ணாடியில அவ மூஞ்சியத்தான் அவ பாப்பா.

துண்டை எடுத்துட்டா.

அந்தத் தம்பி உக்காந்துட்டாரு. அவர் ஷூவைப் பெடல்ல மாட்டிவிடறா, பாரேன்... சொல்லிக் குடுக்கறா. அவருக்கென்ன, நல்ல பிள்ளை. நான் பேசினது பூரா வாயத் தொறக்காம கேட்டுக்கிட்டிருந்தாரு. அவர் வந்தப்பவே எழுந்து உள்ள போயிருந்தா நானும் போயிருப்பேன். என்னை யாரு உக்காந்து பேசச் சொன்னா?

அடுத்த கிளாஸா? அடுத்த கிளாஸ்ல அவ இருக்க மாட்டாளேம்மா. அதுல ஏறி நான் என்ன பண்றது... இல்ல, வேணாம். பேரெல்லாம் எழுத வேணாம். நீ போயி உன் வேலையப் பாரு. நான் இங்கயே உக்காந்திருக்கேன். தண்ணி மட்டும் ஒரு டம்ளர் வாங்கி வை. எனக்கில்ல, அவளுக்கு. வெளிய வந்தா நேரா படிக்கட்டுப் பக்கம் போயிருவா, இந்தப் பக்கம் கொஞ்சம் கூப்பிட்டு விடு. அவ வரட்டும், இங்க உக்காந்து நல்லா மூச்சு வாங்கட்டும். என்னைத் திட்டணும்னா திட்டட்டும். பஸ்தான்னா பஸ்தான், நானும் அதுலயே வர்றேன்னு சொல்லிடறேன். இன்னிக்கு அவ எழுந்திரிக்காம நான் எழுந்திரிக்க மாட்டேன்.